ஜோடி ஒன்று, அப்பா வேறு: பறவைகளும் விலங்குகளும் துணையைக் காவல் காப்பது ஏன்?

கூட்டில் இருந்தது போலி முட்டை. ஆண் பறவைக்கு அது தெரியாது. முட்டையைப் பார்த்தது, 'வேலை முடிந்தது' என்று நினைத்தது போல, அதுவரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த தன் ஜோடியை விட்டுவிட்டு இரை தேடப் போய்விட்டது. அவ்வளவுதான். அக்கம் பக்கத்து ஆண் பறவைகள் எல்லைக்குள் வர ஆரம்பித்தன.

இது நடந்த இடம் செஷல்ஸ் நாட்டின் கசின் தீவு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஒரு பொடித் தீவு. நெதர்லாந்து உயிரியலாளர் யான் கோம்டர் தலைமையிலான குழு, செஷல்ஸ் வார்ப்ளர் என்ற கதிர்க்குருவி இனத்தில் இந்தச் சோதனையைச் செய்து 1999-ல் முடிவை வெளியிட்டது. நிஜ முட்டை வருவதற்குச் சில நாட்கள் முன்பே, அதாவது பெண் பறவை கருத்தரிக்கும் நிலையில் இருக்கும்போதே, கூட்டில் போலி முட்டையை வைத்தார்கள். ஆண் ஏமாந்து காவலை நிறுத்தியது. காவல் இல்லாத இடங்களில் வெளி ஆண்களின் ஊடுருவலும், அந்த ஆண்களோடு பெண் பறவை இணைவதும் கணிசமாக அதிகரித்தன. சுற்றிலும் ஆண்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகம்.

சினிமாவில் வரும் சந்தேகப் புருஷன் கதை மாதிரி இருக்கு இல்லையா? ஆனால் இதற்குள் இருப்பது, விலங்குகள் ஏன் ஜோடியாக வாழ்கின்றன என்ற பெரிய கேள்வி. கடந்த 40 ஆண்டுகளில் அதற்கான பதில் தலைகீழாக மாறியிருக்கிறது.

சேர்ந்து வாழ்வது வேறு, பெற்றோர் ஆவது வேறு

1968-ல் பிரிட்டன் பறவையியலாளர் டேவிட் லேக் ஒரு கணக்கு சொன்னார். உலகின் பறவை இனங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரு ஆண், ஒரு பெண் என்று ஜோடியாகத்தான் வாழ்கின்றன. சேர்ந்து கூடு கட்டும், மாறி மாறி இரை கொண்டுவரும். பார்க்கிற எவருக்கும் அது குடும்பம்தான். கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்கு அந்த ஆண்தான் அப்பாவா என்று யாரும் பெரிதாகச் சந்தேகப்படவில்லை.

முதல் சந்தேகம் வந்தது ஒரு வேடிக்கையான வழியில். அமெரிக்காவில் செந்தோள் கரும்பறவை என்று சொல்லத்தக்க ஒரு இனம், பயிரை நாசம் செய்யும். அதைக் கட்டுப்படுத்த, ஆண் பறவைகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள். 1975-ல் வெளியான முடிவு: அறுவை சிகிச்சை செய்த ஆண்களின் எல்லைக்குள் வாழ்ந்த பெண் பறவைகள், அப்புறமும் கருவுள்ள முட்டைகளை இட்டன! இந்த இனத்தில் ஒரு ஆணோடு பல பெண்கள் வாழும் என்பதால் இது சுத்தமான ஜோடிக் கதை இல்லை. ஆனாலும், எல்லைக்குச் சொந்தக்கார ஆண் ஒன்று, குஞ்சுக்கு அப்பா இன்னொன்று என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்தது டிஎன்ஏ. 1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணு ரேகை முறையைக் கண்டுபிடித்தார். நாம் கோர்ட்டில், குற்ற வழக்குகளில் கேள்விப்படும் அதே டெஸ்ட். மூன்றே ஆண்டுகளில், 1987-ல், அதைச் சிட்டுக்குருவிகளில் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதன் பிறகு ஆய்வாளர்கள் ஒவ்வொரு இனமாக ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

2002-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது படம் தெளிவானது. ஆய்வு செய்யப்பட்ட பறவை இனங்களில் சுமார் 90 சதவீதத்தில் ஜோடிக்கு வெளியே பிறந்த குஞ்சுகள் இருந்தன. சராசரியாக 100 குஞ்சுகளில் 11-க்கு மேல் அப்படி. ஜோடியாக வாழ்வதாக நாம் நினைத்த இனங்களில், மரபணு ரீதியாகவும் ஒருவனுக்கு ஒருத்தி என்று இருந்தவை கால்வாசிக்கும் குறைவு.

காதலுக்குச் சின்னமாக நாம் வாழ்த்து அட்டையில் போடும் அன்னம்கூட இதில் தப்பவில்லை. ஆஸ்திரேலியாவின் கறுப்பு அன்னங்களில் ஏறக்குறைய ஏழில் ஒரு குஞ்சுக்கு அப்பா வேறு.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். 'கள்ளக்காதல்' என்ற வார்த்தை டிவி செய்தி அறைகளில் எங்களுக்கு ரொம்பப் பழக்கமான வார்த்தை. ஆனால் அதை இங்கே பயன்படுத்த முடியாது. அன்னம் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அதனால்தான் விஞ்ஞானிகள் 'துரோகம்' என்று எழுதாமல், 'ஜோடிக்கு வெளியே இணைதல்' என்று எழுதுகிறார்கள். சேர்ந்து கூடு கட்டி வாழ்வதை 'சமூக ஒருதுணை வாழ்க்கை' என்றும், குஞ்சுகள் எல்லாம் அந்த ஜோடிக்கே பிறப்பதை 'மரபணு ஒருதுணை வாழ்க்கை' என்றும் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது லேபில்தான் தெரியும்.

காவல் காப்பதில் என்ன லாபம்?

பெண் பறவைக்குத் தன் முட்டை தன்னுடையதுதான் என்பதில் பொதுவாகச் சந்தேகம் இல்லை. ஆணுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. வாரக்கணக்கில் இரை சுமந்து ஊட்டிய குஞ்சு பக்கத்து மரத்துக்காரனுடையது என்றால், பரிணாமக் கணக்கில் அந்த உழைப்பு முழுக்க நஷ்டம். காவல் காக்கும் குணம் கொண்ட ஆண்களின் குஞ்சுகள் சற்று அதிகம் பிறக்கும், அந்தக் குணம் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆண் பறவை உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கிறது என்று அர்த்தம் இல்லை.

பறவையின் உடலமைப்பு இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. பெண் பறவையின் உடலில் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் நுண்ணிய குழாய்கள் உண்டு. இன்று இணைந்தால் சில நாட்கள் கழித்து வரும் முட்டையும் அதில் கருவாகலாம். பல பறவைகள் நாளுக்கு ஒரு முட்டைதான் இடும். ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாகக் கருவாகும். அதனால் ஒரே கூட்டில் இரண்டு அப்பாக்களின் குஞ்சுகள் இருப்பது சாதாரணம். முதல் முட்டைக்குச் சில நாட்கள் முன்பு தொடங்கி, கடைசி முட்டைக்கு முந்தைய முட்டை வரை ஆணுக்கு 'டென்ஷன்' காலம்தான்.

ஆற்றங்கரை மண்மேட்டில் பொந்து போட்டுக் கூட்டமாக வாழும் மணல் தகைவிலான் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பொந்தை விட்டுக் கிளம்பினால், ஆண் உடனே பின்னால் பறக்கும். அது திரும்பினால் இதுவும் திரும்பும். அமெரிக்காவில் இதைப் பார்த்துப் பதிவு செய்த மைக்கேல் பீச்சரும் அவருடன் பணிபுரிந்தவரும் 1979-ல் எழுதிய கட்டுரையில் இன்னொன்றையும் சொன்னார்கள். தன் ஜோடியின் கருத்தரிக்கும் காலம் முடிந்ததும், அதே ஆண் கிளம்பி மற்ற பெண்களைத் துரத்த ஆரம்பிக்கும். காவல்காரனும் அவனே, திருடனும் அவனே.

எல்லா ஆண்களாலும் பின்னாலேயே சுற்ற முடியாது. கோஷாக் எனப்படும் வல்லூறு வகையில் ஆண் போய் வேட்டையாடிக் கொண்டுவந்துதான் பெண்ணுக்கு இரை. போனால் காவல் போச்சு, இருந்தால் சாப்பாடு போச்சு. இந்தப் பறவைகள் கண்டுபிடித்த வழி வேறு: ஒருமுறை முட்டையிடும் காலத்துக்குள் நூற்றுக்கணக்கான தடவை இணைந்துவிடுவது. வேறு யாராவது இடையில் வந்திருந்தாலும் எண்ணிக்கையில் முந்திவிடலாம்.

பாதிரியார் புகழ்ந்த பறவை

இந்த விஷயத்தில் ஒரு பறவையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகணும். டன்னாக். இங்கிலாந்துத் தோட்டங்களில் வேலிப் புதருக்குள் திரியும், பழுப்பு நிற, பார்த்தால் கண்ணில் நிற்காத சின்னக் குருவி. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிரெடரிக் மாரிஸ் என்ற பாதிரியார், அடக்கமாகவும் எளிமையாகவும் வாழ்வது எப்படி என்று இந்தக் குருவியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என எழுதினார். பாவம் அவர்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் நிக் டேவிஸ் 1980-களில் இந்தக் குருவிகளுக்குக் காலில் வண்ண வளையம் போட்டு, ஆண்டுக்கணக்கில் கவனித்தார். ஜோடிகள் இருந்தன. ஒரு பெண், இரண்டு ஆண் என்ற கூட்டணியும் இருந்தது. ஒரு ஆண், இரண்டு பெண் என்றும் இருந்தது. இரண்டு ஆண், இரண்டு பெண் என்றும்கூட இருந்தது. அந்தப் பூங்காவில் யார் யாரோடு என்று எழுதி வைக்கவே பெரிய நோட்டு தேவைப்பட்டிருக்கும்.

ஒரு பெண், இரண்டு ஆண் இருக்கும் கூட்டணியைப் பாருங்கள். பெரிய ஆண், பெண்ணின் பின்னாலேயே போகும். பெண்ணோ புதருக்குள் புகுந்து நழுவி, அங்கே ஒளிந்திருக்கும் இரண்டாவது ஆணிடம் போய்ச் சேரும். ஏன் இத்தனை சிரமம்? பதில் சாப்பாட்டில் இருக்கிறது. தன்னோடு இணைந்த ஆண் மட்டுமே குஞ்சுகளுக்கு இரை கொண்டுவரும். இரண்டு ஆண்களோடும் இணைந்தால் கூட்டுக்கு இரண்டு ஆண்கள் உழைப்பார்கள். டிஎன்ஏ சோதனை செய்தபோது, ஆண்களுக்குத் தன் குஞ்சு எது, அடுத்தவன் குஞ்சு எது என்று அடையாளம் தெரியவில்லை என்பது தெரிந்தது. பெண்ணோடு எவ்வளவு நேரம் தனியாக இருக்க முடிந்தது என்பதை வைத்தே எவ்வளவு ஊட்டுவது என்று 'கணக்கு' போட்டிருக்கின்றன.

ஆணும் சும்மா இல்லை. இணைவதற்கு முன்னால் பெண்ணின் பின்புறத் துளையை அலகால் கொத்திக்கொண்டே இருக்கும். ஒரு நிமிஷம், சில சமயம் அதற்கும் மேல். பெண் ஒரு சொட்டுத் திரவத்தை வெளியே தள்ளும். அதில் இருப்பது, ஏற்கெனவே இணைந்த ஆணின் விந்தணு. அதைப் பார்த்த பிறகுதான் இந்த ஆண் இணையும். இணைவது கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆணுக்கு லாபமானது பெண்ணுக்கு நஷ்டம், பெண்ணுக்கு லாபமானது ஆணுக்கு நஷ்டம். அதனால்தான் அங்கே ஒரே ஏற்பாடு நிலைப்பதில்லை. டேவிஸின் ஆய்வுக்கு முன்பு, 'ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குடும்ப முறை' என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய பாடம்.

காவலுக்குக் கொடுக்கும் விலை

மறுபடியும் கசின் தீவுக்கு வருவோம். கோம்டர் 2001-ல் இன்னொரு முடிவை வெளியிட்டார். ஏமாற்றப்பட்டுக் காவலைக் குறைத்த ஆண்கள் அதிக நேரம் இரை தேடின. உடல் நன்றாகத் தேறியது. காவலை எவ்வளவு குறைத்ததோ அவ்வளவு தேறியது. சுற்றுப்புறத்தில் ஆண்கள் கூடி ஆபத்து அதிகமானால், காவலும் அதிகமானது. அந்த ஆண் சாப்பிடுவது குறைந்து, உடல் இளைத்தது.

அதாவது காவல் இலவசம் இல்லை. ஒரு பறவை எவ்வளவு காவல் காக்கிறது என்பது 'அதற்கு எவ்வளவு சந்தேக புத்தி' என்பதைப் பொறுத்தது இல்லை. பக்கத்தில் எத்தனை போட்டியாளர்கள், பசி எவ்வளவு, இழந்தால் எவ்வளவு நஷ்டம் என்பதைப் பொறுத்தது. இந்தக் குருவி வழக்கமாக ஒரே ஒரு முட்டைதான் இடும். அது போனால் அந்தப் பருவமே போன மாதிரி. இவ்வளவு காவல் காத்தும், அந்தத் தீவில் சுமார் 40 சதவீதக் குஞ்சுகளுக்கு அப்பா வேறு என்பதுதான் கொடுமை.

காவலில் இருந்துதான் ஜோடி வாழ்க்கையே வந்ததா?

பறவைகளில் ஜோடி என்றால் பெரும்பாலும் இருவரும் சேர்ந்து குஞ்சு வளர்ப்பார்கள். பாலூட்டிகளில் கதை வேறு. வயிற்றில் சுமப்பதும் பால் கொடுப்பதும் தாய்தான். அப்பா நின்று செய்ய வேண்டிய வேலை பெரிதாக இல்லை. அப்படியும் சில பாலூட்டிகள் ஜோடியாக வாழ்கின்றன. எதற்கு?

ஆப்பிரிக்காவின் டிக்-டிக் இதற்குச் சரியான உதாரணம். சுமார் 5 கிலோ எடைதான் இருக்கும், முயலைவிடக் கொஞ்சம் பெரிய மான் போன்ற மிருகம். ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் சேர்ந்தே இருக்கும். பார்ப்பவர்களுக்கு ஆதர்ச தம்பதி. ஆனால் நமீபியாவின் எடோஷா பகுதியில் பீட்டர் பிராதர்டன் குழுவினர் கவனித்தபோது, ஆண் குட்டிக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. செய்தது எல்லாம் பெண்ணின் பின்னால் போவதுதான். பெண் சாணம் போட்டால், ஆண் வந்து முகர்ந்து, காலால் மண்ணைக் கிளறி, அதன் மேலேயே தன் சாணத்தைப் போடும். 'இங்கே ஒரு பெண் இருக்கிறது' என்ற வாசனைச் செய்தி மற்ற ஆண்களுக்குப் போகக் கூடாது இல்லையா! சோதித்த குட்டிகளில் வேறு ஆணுக்குப் பிறந்தது ஒன்றுகூட இல்லை. அன்பான அப்பா இல்லை, ஆனால் கெட்டிக்காரக் காவலாளி.

2013-ல் கேம்பிரிட்ஜின் டீட்டர் லூகாஸ், டிம் கிளட்டன்-பிராக் இருவரும் 2,545 பாலூட்டி இனங்களை ஒப்பிட்டார்கள். ஜோடியாக வாழ்பவை சுமார் 9 சதவீதம் மட்டுமே. அவற்றின் பரிணாம மரத்தைப் பின்னோக்கிப் பார்த்தபோது, பெண்கள் தனித்தனியாக, தள்ளித் தள்ளி வாழும் இனங்களில்தான் ஜோடி வாழ்க்கை தோன்றியிருந்தது. இரண்டு மூன்று பெண்களை ஒரே நேரத்தில் காவல் காக்க முடியாத தூரம். அதனால் ஒருத்தியோடு தங்கிவிடுவதே லாபம். குட்டிக்கு அப்பா உதவுவது இதற்குக் காரணமாக இல்லை, பெரும்பாலும் இதற்கு அப்புறமாக வந்த விளைவு.

அதே வாரத்தில் கிட் ஓபி தலைமையிலான இன்னொரு குழு, குரங்கினங்களை மட்டும் எடுத்து வேறு பதில் சொன்னது. வெளியே இருந்து வரும் ஆண்கள் குட்டிகளைக் கொன்றுவிடும் ஆபத்துதான் அப்பாக்களைப் பக்கத்திலேயே தங்க வைத்தது என்றார்கள். இரண்டு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு என்னவோ, டிக்-டிக் சாணத்தைப் பார்த்த பிறகு முதல் தரப்பின் வாதம்தான் பாலூட்டிகளுக்குப் பொதுவாகப் பொருந்துவதாகத் தெரிகிறது.

பெண் ஏன் வெளியே போகிறது?

இதுவரை ஆணின் பார்வையிலேயே பேசிவிட்டோம். ஆராய்ச்சியாளர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தார்கள். ஆண் ஊடுருவும், பெண் சும்மா இருக்கும் என்று நினைத்தார்கள். அதை உடைத்தது ஆஸ்திரேலியாவின் சூப்பர்ப் ஃபேரி ரென். 10 கிராம் எடைகூட வராத குருவி, ஆண் பளபளக்கும் நீல நிறம்.

கான்பெராவின் தாவரவியல் பூங்காவில் ஆண்ட்ரூ காக்பர்ன் குழுவினர் நடத்திய ஆய்வில், சுமார் 76 சதவீதக் குஞ்சுகள் அந்தக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆண்களுக்குப் பிறந்தவை என்று 1994-ல் தெரியவந்தது. எப்படி என்று பார்க்கப் பெண் குருவிகளின் மேல் சின்ன ரேடியோ கருவி பொருத்தினார்கள். முட்டையிடுவதற்குச் சில நாட்கள் முன்பு, பொழுது விடிவதற்கு முன், இருட்டிலேயே பெண் கிளம்புகிறது. பல எல்லைகளைத் தாண்டிப் பறந்து, பாடிக்கொண்டிருக்கும் ஒரு குறிப்பிட்ட ஆணிடம் போகிறது. விடிவதற்குள் வீடு திரும்பிவிடுகிறது. வீட்டில் இருக்கும் ஆணின் காவல் அந்த நேரத்தில் எடுபடவில்லை.

எந்த ஆணைத் தேடிப் போகிறது? மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் முன்பே, குளிர்காலத்திலேயே நீல இறகு போட்ட ஆண்களை. சீக்கிரம் நிறம் மாற உடலில் தெம்பு வேண்டும். ஆண்களும் பகலில் மஞ்சள் பூவிதழைக் கவ்விக்கொண்டு அடுத்த எல்லைப் பெண்களைப் பார்க்கப் போகும். சொந்த ஜோடிக்குப் பூ கொடுப்பதாகத் தெரியவில்லை!

இன்னொரு விஷயம். இந்தக் குருவிக் குடும்பங்களில் குஞ்சு வளர்க்க உதவும் இளம் ஆண்கள் இருப்பது உண்டு. உதவியாளர்கள் இருக்கும் குடும்பத்துப் பெண்களே அதிகம் வெளியே போனார்கள். வீட்டு ஆண் கோபித்துக்கொண்டு இரை ஊட்டுவதைக் குறைத்தாலும் சமாளிக்கலாம் என்ற நிலை அது.

சரி, இதனால் பெண்ணுக்கு உண்மையில் லாபம் உண்டா? இங்கேதான் அறிவியல் இன்னும் தடுமாறுகிறது. 'நல்ல மரபணு கிடைக்கும்' என்பது பழைய, பிரபலமான பதில். செஷல்ஸ் குருவிகளில் அதற்கு ஒரு ஆதாரம் உண்டு: நோய் எதிர்ப்பு மரபணுக்களில் பன்முகத்தன்மை குறைந்த ஆணோடு வாழும் பெண்கள்தான் வெளி ஆணின் குஞ்சுகளை அதிகம் பெற்றன. 1960-களில் சுமார் 30 பறவைகளாகச் சுருங்கிப்போய் மீண்ட இனம் அது. உறவுக்குள்ளேயே கலந்து கலந்து வந்ததால், மரபணுவில் வித்தியாசம் என்பது அங்கே பெரிய சொத்து.

ஆனால் கனடாவின் மண்டார்ட்டே தீவில் பாட்டுச் சிட்டுகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர்கள் எதிர்மாறாகச் சொன்னார்கள். ஜோடிக்கு வெளியே பிறந்த குஞ்சுகள் கூடப்பிறந்தவற்றைவிட மேலாக இல்லை, சில அளவுகளில் மோசமாகவே இருந்தன. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வோல்ஃப்காங் ஃபோர்ஸ்ட்மையர் 2011-ல் வரிக்குருவி எனப்படும் ஜீப்ரா ஃபிஞ்ச் பறவைகளை வைத்து மூன்றாவது வழி ஒன்றைக் காட்டினார். வெளியே அதிகம் திரியும் ஆண்களின் மகள்களும் அப்படியே இருந்தார்கள். ஆணுக்கு லாபம் தரும் குணம், மரபு வழியில் மகளுக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பெண்ணுக்கு அதனால் தனி லாபம் இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை.

மூளையில் என்ன நடக்கிறது?

அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பிரெய்ரி வோல் ஒரு வயல் எலி மாதிரி. இணைந்த பிறகு ஆண் அடியோடு மாறிவிடும். அதுவரை சாதுவாக இருந்தது, அறிமுகம் இல்லாத எலி பக்கத்தில் வந்தால் பாய்ந்து கடிக்கும். இதற்குப் பின்னால் வாசோபிரசின் என்ற ஹார்மோன் இருப்பதை 1993-ல் காட்டினார்கள். 2004-ல் இன்னும் ஒரு படி போய், ஜோடி சேராத இன்னொரு வகை வயல் எலியின் மூளையில் ஒரு பகுதியில் இந்த ஹார்மோனுக்கான ஏற்பியை அதிகமாக்கினார்கள். ஊர் சுற்றிக்கொண்டிருந்த எலி, ஒரே துணையோடு ஒட்டிக்கொண்டது. 'விசுவாச மரபணு' என்று உலகம் முழுக்க மீடியா கொண்டாடியது.

அவ்வளவு எளிமையாக முடியவில்லை. பிரெய்ரி வோல் ஆண்களிலேயே எல்லையை விடாமல் காக்கிறவை, ஊர் சுற்றுகிறவை என்று வித்தியாசம் உண்டு. 2015-ல் ஸ்டீவன் ஃபெல்ப்ஸ் குழு, இட நினைவோடு தொடர்புடைய ஒரு மூளைப் பகுதியில் அந்த ஏற்பி குறைவாக இருக்கும் ஆண்களே அதிகம் சுற்றுகின்றன என்று கண்டது. அடிபட்ட இடம் நினைவில் நிற்காததால் மறுபடி மறுபடி அடுத்தவர் எல்லைக்குள் நுழைகின்றன என்பது அவர்கள் விளக்கம். சுற்றுகிற ஆண் வெளியே குட்டிகளைப் பெறும். காக்கிற ஆண் வீட்டில் இழக்காது. இரண்டும் ஏறக்குறைய சமமாக ஓடுவதால், இரண்டு வகை மரபணுவும் அழியாமல் நிற்கின்றன.

தவறாத ஜோடிகளும் உண்டு

அர்ஜென்டினாவின் ஃபார்மோசா பகுதியில் வாழும் ஆந்தைக் குரங்குகளில் 17 ஜோடிகளுக்குப் பிறந்த 35 குட்டிகளைச் சோதித்தார்கள். 35-ம் வீட்டு அப்பாவுடையதே. அங்கே குட்டியைப் பெரும்பாலான நேரம் சுமப்பதே அப்பாதான். கலிஃபோர்னியா சுண்டெலியும் இதே பட்டியலில் வரும். நமது ஆனைமலைக் காடுகளில் பார்க்கும் இருவாச்சிக்கு உறவான, ஆப்பிரிக்காவின் மாண்டீரோ இருவாச்சியிலும் சோதித்த கூடுகளில் வெளி ஆணின் குஞ்சு இல்லை. பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ஒரு சின்ன இடுக்கு வழியாக ஆண் ஊட்டும் உணவையே நம்பி வாரக்கணக்கில் இருக்கும் பறவை அது. ஆண் கைவிட்டால் எல்லாம் முடிந்தது.

அப்போ மனிதர்கள்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 'பத்தில் ஒரு குழந்தைக்கு அப்பா வேறு' என்று ஒரு கணக்கு ரொம்ப காலமாக உலகம் முழுக்கச் சுற்றுகிறது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கலாம். அதை நம்பி வீட்டில் சண்டை போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

பெல்ஜியத்தின் மார்ட்டன் லார்முசோ குழு, பெல்ஜியம், நெதர்லாந்து பகுதிகளின் 500 ஆண்டுக் குடும்பப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. பதிவின்படி ஒரே ஆண் முன்னோரிடமிருந்து வந்த, இன்று ஒருவரையொருவர் அறியாத ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். எங்காவது அப்பா மாறியிருந்தால் பொருந்தாது. 2019-ல் வந்த முடிவு: ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 1 சதவீதம். பத்தில் ஒன்று இல்லை, நூற்றில் ஒன்று. அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. விவசாயிகளிடம் அரை சதவீதம் போல. 19-ஆம் நூற்றாண்டில் நெரிசலான தொழில் நகரங்களின் ஏழைக் குடும்பங்களில் சுமார் 6 சதவீதம். செஷல்ஸ் குருவிகளுக்குச் சொன்ன சுற்றுப்புறக் கணக்கு நினைவுக்கு வரலாம். ஆனால் வறுமையில் சிக்கிய பெண்களின் கதையில், கட்டாயமும் சுரண்டலும் எவ்வளவு என்பதை ஒய் குரோமோசோம் சொல்லாது.

மறுமுனையில், வடக்கு நமீபியாவின் ஹிம்பா என்ற மாடு மேய்க்கும் மக்கள். அமெரிக்காவின் ப்ரூக் ஸ்கெல்சா அந்த மக்களின் சம்மதத்தோடு நடத்திய ஆய்வில், 48 சதவீதக் குழந்தைகள் திருமணத்துக்கு வெளியே உள்ள ஆண்களுக்குப் பிறந்தவர்கள் என்று 2020-ல் வெளியானது. யாருக்கும் அதிர்ச்சி இல்லை. எந்தக் குழந்தை யாருடையது என்று அம்மாக்கள் மட்டுமல்ல, அப்பாக்களும் பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருந்தார்கள். அங்கே ஒருவரை அப்பா என்று கூப்பிட, அவர் அம்மாவின் கணவராக இருந்தால் போதும்.